சுவர் தாங்காத வீடு

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் ஆல்ஃபிரிஸ்டன் பாதிரியார் இல்லத்தைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். படத்தில் சுவர்கள் சாய்ந்தும் உத்தரங்கள் வளைந்தும் இருக்கின்றன. இவை 14ஆம் நூற்றாண்டிலிருந்து எப்படிக் கூரையைத் தாங்குகின்றன? நடுப்பகுதி மட்டும் உள்வாங்கியிருப்பது ஏன்? சிமென்ட் பூசினால் உறுதிப்படாதா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

அந்தச் சுவர்கள் எதையுமே தாங்கவில்லை. பாரம் முழுவதையும் ஓக் மரத் தூண்களும் உத்தரங்களும் ஏற்கின்றன. சுவர் என்று நாம் காண்பது, அவற்றுக்கிடையே கழிகளை நிறுத்தி, வளாரால் பின்னி, வைக்கோலும் சாணமும் பிசைந்த களிமண்ணை இருபுறமும் அப்பிச் சுண்ணாம்பு பூசிய அடைப்பு மட்டுமே. அதைப் பெயர்த்தெடுத்தாலும் வீடு நிற்கும்.

கோணலுக்குக் காரணம் பச்சை மரம். ஓக் உலர்ந்துவிட்டால் உளி இறங்காத அளவுக்கு இறுகிவிடும் என்பதால், தச்சர்கள் வெட்டிய ஈரம் காயுமுன்பே வேலையை முடித்தார்கள். ஒரு மரத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி, மற்றதில் குடைந்த குழிக்குள் செருகி, மர ஆணியை அறைந்தார்கள்; இரு மரங்களின் ஆணித்துளைகளும் நேராகப் பொருந்தாதபடி சற்றே விலக்கி இடப்பட்டிருந்ததால், ஆணி இறங்க இறங்க மூட்டு இறுகியது. பிறகு மரம் நின்ற இடத்திலேயே உலர்ந்து முறுக்கிக்கொள்ள, சட்டகம் முழுவதும் சேர்ந்தே வளைந்தது. மூட்டுகள் விடாதவரை அந்த வளைவால் ஆபத்தில்லை.

இது வீல்டன் எனப்படும் வகை. இவ்வகை வீடுகளில் இரு பக்கங்களிலும் மாடி உண்டு. மாடி கீழ்த்தளத்தைவிடச் சற்று முன்னே நீண்டிருக்கும். நடுவிலுள்ள கூடமோ தரையிலிருந்து கூரைவரை திறந்தது. மூன்றையும் ஒரே கூரை மூடுவதால் கூடத்தின் முகப்பு உள்ளே தள்ளித் தெரிகிறது. அன்று கூடத்தில் புகைபோக்கி கிடையாது, தரை நடுவிலேயே அடுப்பு. இத்தகைய பல வீடுகளின் கைமரங்களில் இன்றும் ஒட்டியிருக்கும் கரியைக் கண்டுதான் கூடம் ஒருகாலத்தில் திறந்திருந்தது என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்கிறார்கள். ஆல்ஃபிரிஸ்டனில் என்னை மிகவும் ஈர்ப்பது தரைதான்: வெண்சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பாலால் இறுக்கியிருக்கிறார்கள்.

1896இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு தன் முதல் கட்டடமாக இதை 10 பவுண்டுக்கு வாங்கியபோது, வீடு இடியும் நிலையில் இருந்தது. இன்று சிமென்ட் பூசினால் அதே நிலைக்குத் திரும்ப நெடுநாள் ஆகாது. சிமென்ட் விறைப்பானது, மரம் அசையும்போது விரிசல் விடும், அதன்வழி நுழையும் மழைநீர் வெளியேற வழியின்றித் தங்கி ஓக்கை உளுத்துப்போகச் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு வாங்கிய ஈரத்தைத் திரும்ப வெளியே விட்டுவிடுகிறது.