ஸ்பார்க் பிளக் சாக்கெட்: எந்த இன்ஜினுக்கு எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மோட்டார் சைக்கிளின் கையேட்டில் பிளக்கின் அளவு 10 மி.மீ. என்று இருக்கிறது. அதை நம்பி, பிளக்கைக் கழற்றி மாட்ட 10 மி.மீ. சாக்கெட் வாங்கினேன், பிளக்கின் மேல் உட்காரவே இல்லை. கையேடு தவறா?

பதில்: கையேடு சரிதான், அது சொல்லும் அளவுதான் வேறு. பிளக்கின் அளவு என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கும் மரையின் விட்டம். சாக்கெட் பிடிப்பதோ மரைக்கு மேலே உள்ள அறுகோணத்தை. அந்த அறுகோணத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலுள்ள தூரமே சாக்கெட்டின் அளவு. இந்த இரண்டு அளவுகளுக்கும் நிலையான தொடர்பு எதுவும் இல்லை என்பதால், மரையின் அளவை மட்டும் தெரிந்துகொண்டு சாக்கெட் வாங்க இயலாது.

என்ஜிகே நிறுவனத்தின் பிளக்குகளையே எடுத்துக்கொள்வோம். சிஆர்8இ என்பதற்கு மரை 10 மி.மீ., அறுகோணம் 16 மி.மீ.; உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த 16 மி.மீ. சாக்கெட்தான். பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் வரும் டி8இஏ பிளக்கின் மரை 12, அறுகோணம் 18. அதே 12 மி.மீ. மரையுள்ள டிசிபிஆர்7இ பிளக்கிலோ அறுகோணம் 16 ஆகக் குறைந்துவிடுகிறது. 14 மி.மீ. மரையில் குழப்பம் இன்னும் அதிகம்: பிபிஆர்6இஎஸ் பிளக்குக்கு 20.8, பிகேஆர்6இ பிளக்குக்கு 16, சிறிய இரு வீச்சு இன்ஜின்களில் வரும் பிபிஎம்7ஏ பிளக்குக்கு 19 மி.மீ.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கையேடு சொல்லும் பிளக்கை முதலில் வாங்கிக்கொண்டு, அதன் அறுகோணத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, அதற்குப் பிறகு சாக்கெட்டை வாங்குங்கள். இன்ஜினின் ஆழத்தில் கிடக்கும் பழைய பிளக்கை எட்டிப்பார்த்து ஊகிப்பதைவிடக் கையிலிருக்கும் புதிய பிளக்கை அளப்பது எளிது.

கேள்வி: 5/8 அங்குலம் என்று எழுதிய சாக்கெட்டை 16 மி.மீ. பிளக்குக்குப் பயன்படுத்தலாமா? 13/16-க்கும் 21-க்கும் என்ன வேறுபாடு?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். 5/8 அங்குலம் என்பது 15.875 மி.மீ.; நடைமுறையில் இரண்டும் ஒன்றே. அதுபோலவே 13/16 அங்குலம், 20.8 மி.மீ., 21 மி.மீ. என்று வெவ்வேறாக எழுதி விற்கப்படும் பிளக் சாக்கெட்டுகள் ஒரே அறுகோணத்துக்கானவை. 3/4 அங்குலம் 19 மி.மீட்டருக்குப் பொருந்தும். விதிவிலக்கு 18 மி.மீ. மட்டுமே: 11/16 அங்குலம் 17.46 மி.மீ. என்பதால் அது பிளக்கின் மேல் ஏறாது. 3/4 அங்குலமோ தளர்வாக நின்று அறுகோணத்தின் முனைகளை மழுக்கிவிடும். இதற்கு 18 என்று எழுதிய சாக்கெட்டைத்தான் தேடி வாங்க வேண்டும்.

கேள்வி: என் காரின் பிளக் தலையில் ஆறு முனைகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு முனைகள் இருக்கின்றன. என்னிடம் உள்ள எந்தச் சாக்கெட்டும் பொருந்தவில்லை.

பதில்: உங்களுடையது 14 மி.மீ. இரட்டை அறுகோணத் தலையுள்ள, 12 மி.மீ. மரைப் பிளக்காக இருக்க வேண்டும். பிஎம்டபிள்யூ, மினி, நிசான் ஆகியவற்றின் இன்ஜின்கள் சிலவற்றில் இவ்வகை உண்டு. வால்வுகளுக்கும், குளிர்நீர் ஓடும் வழிகளுக்கும், நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் சிலிண்டர் ஹெட்டில் இடம் விட வேண்டியிருப்பதால், வடிவமைப்பாளர்கள் பிளக்கை ஒல்லியாக்கிவிட்டார்கள். இதற்குப் பன்னிரண்டு முனைகள் கொண்ட, மெல்லிய சுவருள்ள 14 மி.மீ. பிளக் சாக்கெட் தேவை. ஆறு முனைச் சாக்கெட் இத்தலையின் மேல் ஏறாது. சாதாரண 14 மி.மீ. ஆழ சாக்கெட் பன்னிரண்டு முனை உடையதாகவே இருந்தாலும், அதன் சுவர் தடித்திருந்தால் குறுகிய பிளக் குழிக்குள் இறங்காமல் நின்றுவிடும்.

மறுதலையாக, ஆறு முனைப் பிளக்குகளுக்கு ஆறு முனைச் சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனைச் சாக்கெட் அவற்றின் மேல் உட்காரும் என்பது உண்மை. ஆனால் துருப்பிடித்து இறுகிய பிளக்கைக் கழற்றும்போது வழுக்கிவிடும் வாய்ப்பும் அதற்கே அதிகம்.

கேள்வி: காருக்காக வாங்கிய 16 மி.மீ. சாக்கெட் மோட்டார் சைக்கிளின் பிளக் குழிக்குள் நுழையவில்லை. அளவு சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: உள்ளளவு சரி, வெளி விட்டம் சரியில்லை. 10 மி.மீ. மரைப் பிளக்குகள் இருக்கும் குழிகள் பல கார்களில் உள்ளவற்றைவிடக் குறுகலானவை. குழியின் உள் விட்டத்தை அளந்து, சாக்கெட்டின் வெளி விட்டம் அதைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வண்டியோடு வரும் கருவிப் பையில் டாமி பாருடன் (திருப்புவதற்கான குறுக்குக் கம்பி) கூடிய குழாய் வடிவ பாக்ஸ் ஸ்பேனர் இருந்தால், பார்ப்பதற்கு மட்டமாகத் தெரிந்தாலும், அந்தக் குழிக்கென்றே செய்யப்பட்டது அதுதான்.

கேள்வி: உள்ளே ரப்பர் வளையம் உள்ள சாக்கெட் நல்லதா, காந்தம் உள்ளது நல்லதா? என் ரப்பர் சாக்கெட் ஒவ்வொரு முறையும் குழிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சாக்கெட்டோடு இணைக்கும் நீட்டிப்புத் தண்டான எக்ஸ்டென்ஷன் மட்டும் கையோடு வருகிறது.

பதில்: ரப்பர் வளையம் பிளக்கின் வெள்ளைப் பீங்கானைப் பிடிக்கிறது, காந்தம் கீழேயுள்ள எஃகு அறுகோணத்தைப் பிடிக்கிறது. ரப்பரின் பெரிய நன்மை, பீங்கான் சாக்கெட்டின் நடுவில் அசையாமல் நிற்பதும் சுவரில் மோதாமல் காக்கப்படுவதும் ஆகும். ஆனால் எண்ணெயும் வெப்பமும் பட்டு ரப்பர் உப்பியோ இறுகியோ போய்விட்டால், அதன் பிடி எக்ஸ்டென்ஷனின் முனையிலுள்ள சிறு குண்டின் பிடியைவிட வலுவாகிவிடுகிறது. அப்போது, நீங்கள் மேலே இழுத்ததும் இரண்டில் பலவீனமான பிடிதான் விடுகிறது. பூட்டும் வசதியுள்ள எக்ஸ்டென்ஷனையோ, சாக்கெட்டும் தண்டும் ஒரே துண்டாகச் செய்யப்பட்ட கருவியையோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லை நீங்கும். உடனடித் தீர்வாக, சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து இறுக்கமாக டேப் சுற்றிக்கொள்ளலாம். புதிய பிளக்கைக் கையால் சில சுற்றுகள் திருகி மரை சரியாகப் பிடித்துவிட்டது என்று உறுதிசெய்த பிறகு, ரப்பரைக் கழற்றிவிட்டு இறுக்குபவர்களும் உண்டு. நல்ல பழக்கம்.

காந்த சாக்கெட்டில் இந்தச் சிக்கல் குறைவு. மெல்லிய சாக்கெட்டுகளில் ரப்பருக்கு இடமில்லாததால் பெரும்பாலும் காந்தமே இருக்கும். அதன் குறை, இரும்புத் துகள்களையும் சேர்த்துக் கவர்ந்துகொள்வது. சிலிண்டருக்கு நேர் மேலே இருக்கும் குழிக்குள் அதை இறக்கும் முன் ஒவ்வொரு முறையும் துடைத்தாக வேண்டும். ஆழமான குழிகளுக்குக் காந்தம், வெளியே தெரியும்படி இருக்கும் பிளக்குகளுக்கு ரப்பர் என்பது என் தேர்வு. எதுவானாலும், பிளக்கைக் குழிக்குள் அப்படியே போட்டுவிடாதீர்கள். முனை மோதினால் தீப்பொறி பாயும் இடைவெளி மாறிவிடும். இரிடியம் பிளக்கின் மெல்லிய முனை உடைந்தே போகலாம்.

கேள்வி: பிளக் சாக்கெட்டுக்குப் பதிலாகச் சாதாரண ஆழ சாக்கெட் போதாதா?

பதில்: அளவும் ஆழமும் பொருந்தினால் கழற்றுவதற்குப் போதும், மாட்டுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆழம் போதாத சாக்கெட் பிளக்கின் உச்சியில் முட்டிக்கொண்டு அறுகோணத்தை அரைகுறையாகத்தான் பிடிக்கும். உள்ளே பிடிமானம் எதுவும் இல்லாததால், சாக்கெட் சிறிது சாய்ந்தாலும் சுவர் பீங்கானை அழுத்தும். அப்போது விழும் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் அந்த விரிசல் வழியே உலோகத்துக்குப் பாய்ந்துவிடுவதால் இன்ஜின் ஒரு சிலிண்டரில் விட்டுவிட்டு எரியும். புதிய பிளக் மாட்டிய பிறகே இன்ஜின் தடுமாறத் தொடங்கியது என்று இம்முறை எழுதியிருந்த மற்றொரு வாசகரும் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

கேள்வி: மரம் அறுக்கும் செயின் சா, புல்வெட்டும் இயந்திரம், சிறிய ஜெனரேட்டர் மூன்றுக்கும் ஒரே சாக்கெட் போதுமா?

பதில்: பொதுவாகப் போதாது. செயின் சாக்களில் 19 மி.மீ. வழக்கமானது; அதனால்தான் அவற்றோடு வரும் கூட்டுக் கருவியின் ஒரு முனை 19 மி.மீ. அளவில் இருக்கிறது. சில புதிய சிறு இன்ஜின்களில் 16 மி.மீ. வரும். நான்கு வீச்சுப் புல்வெட்டும் இயந்திரங்களிலும் ஜெனரேட்டர்களிலும் 21, 19, 16 மூன்றையும் காணலாம். இம்மூன்று அளவுகளையும் வைத்திருந்தால் பெரும்பாலான சிறு இன்ஜின்களைச் சமாளித்துவிடலாம்.

கேள்வி: கிடைமட்ட சிலிண்டர்கள் கொண்ட என் கார் இன்ஜினில் பிளக்குக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே, சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டுக்கு இடமே இல்லை.

பதில்: நீளமான ஒரு எக்ஸ்டென்ஷனுக்குப் பதிலாகக் குட்டையான இரண்டை எடுத்துக்கொண்டு, சாக்கெட்டை முதலில் குழிக்குள் செலுத்திய பிறகு அவற்றை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொள்ளுங்கள். மேற்பகுதியில் வெளி அறுகோணம் உள்ள பிளக் சாக்கெட்டாக இருந்தால், ராட்செட் இல்லாமல் ஸ்பேனராலேயே திருப்பலாம். மடங்கும் இணைப்புள்ள சாக்கெட் கடைசி வழி. அதைக் கூடியவரை நேராகப் பிடித்தே விசை கொடுக்க வேண்டும்.

கேள்வி: சாக்கெட் சரியாக அமைந்துவிட்டது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் எவ்வளவு இறுக்குவது?

பதில்: வாஷர் உள்ள பிளக்கை அலுமினிய ஹெட்டில் மாட்டும்போது 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12, 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20, 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு; உங்கள் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சாக்கெட்டின் அளவைப் பார்த்து விசையை முடிவு செய்வது இங்கே ஆபத்து: 16 மி.மீ. சாக்கெட் ஒன்றே இந்த மூன்று மரைகளுக்கும் வரும் என்பதால், 14 மி.மீ. மரைக்குப் பழகிய கை 10 மி.மீ. மரையை எளிதில் அறுத்துவிடும்.

டார்க் ரெஞ்ச் இல்லாதபோது, குளிர்ந்த இன்ஜினில், எக்ஸ்டென்ஷனை விரல்களால் மட்டும் திருகி, பிளக் இருக்கையில் அமர்ந்து நின்ற பிறகு கணக்குத் தொடங்குங்கள். வாஷருள்ள புதிய 14 மி.மீ. பிளக்குக்கு மேலும் அரைச் சுற்று. வாஷர் முன்பே நசுங்கிய பழைய பிளக்குக்கு ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வாஷர் இல்லாத கூம்பு இருக்கைப் பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்கு மட்டும். பூச்சு கொண்ட மரைகளில் இறுகல் தடுக்கும் பசையைத் தடவ வேண்டாம் என்பது என்ஜிகேயின் அறிவுரை. பசை உராய்வைக் குறைத்துவிடுவதால், ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டினாலும் மரை அளவுக்கு மீறி இழுபடும்.