பட்டறை பதில்கள்: குட்டி டிரக்குக்குள் லாரி இன்ஜின்

கேள்வி: ஐயா, தாத்தா 1968இல் வாங்கிய மஹிந்திரா எஃப்சி-150 டிரக் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பெட்ரோல் இன்ஜின் ஜாம் ஆகிப் பல வருடம் ஆயிற்று. புதுப்பேட்டையில் டாடா லாரியிலிருந்து கழற்றிய 697 டீசல் இன்ஜின் ஒன்றைப் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டேன். அதை மாட்டினால் வண்டி பறக்கும் என்கிறான் நண்பன். உங்கள் யோசனை என்ன?
- மாதவரம் வாசகர்

பதில்: தம்பி, முதலில் போய் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

697 என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, 97 என்பது சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். மொத்தம் 5675 சிசி. பென்ஸ் வழி வந்த நல்ல இன்ஜின், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எடை 400 கிலோவுக்கு மேல், நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். உங்கள் வண்டியில் இருப்பது 4 சிலிண்டர், 2199 சிசி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 81 அங்குலம்தான். டிரைவரே முன் ஆக்சிலுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார், இன்ஜின் அவர் தொடையை ஒட்டி இருக்கிறது. இந்த ரக வண்டிக்கு முன்பாரம் ஏற்கெனவே அதிகம். பாரம் ஏற்றும் தொட்டி காலியாக இருக்கும்போது மழையில் பிரேக் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த இடத்தில் ஆறு சிலிண்டரைத் திணித்து, அதன் பின்னால் கியர் பாக்ஸையும் வைத்தால், பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு ஒரு முழம் மிஞ்சினால் அதிகம். ஷாஃப்ட் குட்டையானால் சாய்வு கூடும். சாய்வு கூடினால் ஷாஃப்ட்டின் முனையை மடங்கவிடும் மூட்டான கிராஸ் தேயும். மாதம் ஒரு கிராஸ் மாற்ற நீங்கள் தயாரா?

சரி, பறக்கும் கதைக்கு வருவோம். பேப்பரும் பேனாவும் எடுங்கள். உங்கள் டிரக்கும் ஜீப் குடும்பம்தான். ஜீப்பின் கிரவுன் பினியன், அதாவது பின் ஆக்சிலில் இருக்கும் பல்சக்கர ஜோடியின் கணக்கு 5.38. அதாவது டாப் கியரில் இன்ஜின் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 697 நிமிடத்துக்கு 2800 சுற்றுக்கு மேல் போகாது. வகுத்தால் சக்கரம் 520 சுற்று. டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.3 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 72 கிலோமீட்டர் வருகிறது. அதற்கு மேல் முறுக்கினாலும் இன்ஜின் கத்துமே தவிர வண்டி போகாது. உங்கள் பழைய பெட்ரோல் இன்ஜின் 4000 சுற்று போகும், கணக்குப்படி 100ஐத் தொடும். இன்ஜின் பெரிதாகி வண்டி மெதுவாகும். நண்பரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வேகம் வராது, ஆனால் இழுவை வரும், பழையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆபத்தே அங்கேதான். இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். 1994இல் செங்குன்றம் அரிசி ஆலைக்காரர் ஒருவர் ஜீப் பிக்கப்பைக் கொண்டுவந்து, டாடா 407இன் 497 இன்ஜினை மாட்டித் தரச் சொன்னார். உங்கள் 697இன் பாதி அளவு, 2956 சிசி. இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைந்து, மவுண்டிங் வெட்டி ஒட்டி, ஆறு வாரம் உழைத்தேன். முதல் நாள் 30 சிப்பம் அரிசி ஏற்றிக்கொண்டு மனிதர் சிரித்துக்கொண்டே போனார். மூன்றாவது வாரம் பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டிருக்கிறார். மடார்! ஆக்சில் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பார்த்தால் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. புதிது போட்டேன். அடுத்த மாதம் கியர் பாக்ஸில் செகண்ட் கியர் பல் கொட்டியது. "உன் இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, வண்டிதான் சரியில்ல" என்றார். கடைசியில் 407 கியர் பாக்ஸ், 407 பின் ஆக்சில், 407 பிரேக் என்று ஒவ்வொன்றாக ஏறி, ஆக்சில் அகலத்துக்காகத் தொட்டியின் ஓரத்தையும் வெட்டினோம். ஜீப்பின் முகமூடி போட்ட 407 ஆகிவிட்டது. அந்தச் செலவில் 407ஏ வாங்கியிருக்கலாம். அதை வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லாதது என் தப்பு.

அன்று யாரும் கேட்கவில்லை, இன்று கேட்பார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. மீறினால், 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்சி வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்ஜின் ஜாம் என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டு, கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் பிரித்து, சிலிண்டரை உள்ளே கடைந்து (போர் அடித்து), ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். டீசல்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் எக்ஸ்டிபி 4.90 தேடுங்கள். நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர், 2112 சிசி. பிரெஞ்சு பெஜோ கம்பெனியின் இன்ஜின். எண்பதுகளில் மஹிந்திரா கம்பெனியே ஜீப்பில் போட்டது. அதற்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

கேள்வி: அந்தக் காலத்தில் பெட்ரோல் லாரிகளுக்கு டீசல் இன்ஜின் மாற்றி ஓட்டினார்கள் என்று அப்பா சொல்வார். அது மட்டும் எப்படிச் சரிவந்தது?
- பெரம்பூர் வாசகர்

பதில்: அப்பா சொன்னது உண்மை. மவுன்ட் ரோடு சிம்சன் கம்பெனி ஐம்பதுகளில் பெர்க்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. ஆறு சிலிண்டர், 4.7 லிட்டர். அது பெட்ரோல் இன்ஜின் இருந்த இடத்தில் உட்காருவதற்கு ஏற்ற அளவு. சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் கியர் பாக்ஸும் ஆக்சிலும் தாங்கின. வால்டாக்ஸ் ரோடு பட்டறையில் என் குருநாதர் பழைய அமெரிக்க லாரிகளுக்கு இதை மாட்டுவார். பின் ஆக்சிலைப் படுத்துப் பார்க்காமல் இன்ஜினுக்கு விலை பேச மாட்டார். பையனாக இருந்த எனக்கு அவர் தந்த முதல் வேலையே டார்ச் பிடிப்பதுதான்.

கேள்வி: டீசல் போட்ட பழைய ஜீப் வாங்கினேன். சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்பதில்லை. கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்ச்சை விட்டுத்தான் நிறுத்துகிறேன். சரியா?
- தாம்பரம் வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். பழைய டீசல் இன்ஜினில் சாவி கரண்டை மட்டும்தான் நிறுத்தும், டீசலை நிறுத்தாது. டீசல் பம்ப்பின் பக்கவாட்டில் ஸ்டாப் லீவர் இருக்கும். மாட்டியவர் கேபிளை மறந்திருக்கிறார். ஒரு கேபிள் வாங்கி, டேஷ்போர்டுக்குக் கீழே பிடி வைத்து இழுங்கள். அப்படியே, மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பிப் போக ரிட்டர்ன் குழாய் போட்டிருக்கிறாரா என்றும் குனிந்து பார்த்துவிடுங்கள். கேபிளை மறந்தவர் அதையும் மறந்திருப்பார்.