அப்பாவின் இதயச் சிகிச்சைக்கு வயலை விற்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 28,000 ரூபாய். திருமணமாகித் தனிக்குடித்தனம். அப்பாவுக்கு வயது 54. முக்கூடல் பக்கம் எழுபது சென்ட் நஞ்சையில் பயிர் செய்கிறார். அம்மா பீடி சுற்றுகிறார். தம்பி கல்லூரியில் படிக்கிறான். இரண்டு மாதமாக அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. எக்கோ எடுத்ததில் இதயத் தசை பலவீனமாகி இதயம் விரிந்திருக்கிறது, பம்ப் செய்யும் அளவு 25 சதவீதம்தான் என்றார்கள். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. நான்கு வகை மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ பார்த்து, தேவைப்பட்டால் ஐ.சி.டி. கருவி (துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின் அதிர்வு கொடுத்துச் சீராக்குவது) வைக்கலாம் என்கிறார் டாக்டர். சித்தப்பாவோ, "வயல வித்துட்டு மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம், இதயத்தையே மாத்திரலாம்" என்கிறார். எஃப்.டி.யில் 3,20,000 ரூபாயும், அம்மாவிடம் எட்டுப் பவுனும் உண்டு. வயலை விற்கலாமா? இனிமேல் அப்பாவுக்கு இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா?

பதில்: வயலை இப்போது விற்க வேண்டாம், சகோதரி. சித்தப்பாவின் பாசம் புரிகிறது. ஆனால் அந்த முடிவை எடுக்கும் நேரம் இது இல்லை.

டாக்டர் சொன்ன மூன்று மாதக் கணக்கைக் கவனியுங்கள். இந்த நோய்க்கான மாத்திரைகளைச் சரியான அளவில் குறைந்தது மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து, அப்போதும் பம்ப் செய்யும் அளவு 35 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை என்றால்தான் பொதுவாக ஐ.சி.டி. பற்றி யோசிப்பார்கள். பலருக்கு மாத்திரையிலேயே அளவு நன்றாக ஏறிவிடும். இதய மாற்று என்பது மருந்து, கருவி எல்லாம் பார்த்தும் தேறாதவர்களுக்கு. அதற்கு உறுப்பு மாற்றைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிரான்ஸ்டானின் பட்டியலில் பதிந்து காத்திருக்க வேண்டும். மாற்றிய பிறகும் ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டு போனதும் நடந்துவிடுகிற காரியம் இல்லை.

இது ஒரே ஒரு பெரிய பில்லோடு முடிகிற நோய் இல்லை, மாதாமாதம் செலவு வைக்கும் நோய். திருவனந்தபுரத்தில் 2013-ல் அப்பாவைப் போல இதயம் சரியாகப் பம்ப் செய்யாத 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவு செய்து ஆண்டுக் கணக்கில் கவனித்தார்கள். பம்ப் குறைந்தவர்களில் வீடு திரும்பும்போது பரிந்துரைக்கப்பட்ட மருந்துகள் முறையாகக் கிடைத்தது ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான். அவை கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். அதனால் உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் மாத்திரை டப்பா.

எஃப்.டி. பணத்தை இப்படிப் பிரியுங்கள். மாத்திரை, ரத்தப் பரிசோதனை, டாக்டர் பார்வை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதம் 5,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 60,000. அதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு லட்சம் ரூபாயை அப்பா, அம்மா இருவர் பெயரிலும் உள்ள சேமிப்புக் கணக்கில் போட்டு, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். நள்ளிரவில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அட்வான்ஸ் கேட்பார்கள். பணம் அப்பா பெயரில் மட்டும் இருந்தால் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். மீதி 1,60,000-ஐ மறு எக்கோ வரை தொடவே வேண்டாம்.

மாத்திரைச் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான சாகுபிட்ரில்-வால்சார்டனின் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜனவரியில் முடிந்தது. அதன் பிறகு பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலை பெரிதும் இறங்கிவிட்டது. இன்னொரு மருந்தான டாபாகிளிஃப்ளோசின் விலை 2020-லேயே இறங்கிவிட்டது. சீட்டைக் காட்டி, இதே மருந்தை விலை குறைந்த பிராண்டில் எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விசாரியுங்கள். ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி பிரிவில் இதய சிகிச்சைத் துறை இருக்கிறது. தொடர் பார்வைக்கு அங்கே போனால் கிடைக்கும் மாத்திரைகள் இலவசம், கிடைக்காததை மட்டும் வெளியே வாங்கலாம். ஆனால் "நல்லாத்தானே இருக்கு" என்று அப்பா பாதியில் நிறுத்தினால் அடுத்து வருவது ஐ.சி.யூ. பில்.

வீட்டுக்கு ஒரு எடை மிஷின் வாங்குங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, சாப்பிடும் முன் அப்பா ஏறி நிற்க வேண்டும், தம்பி காலண்டரில் குறிக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோத்திருக்கலாம், உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அப்போதே மருந்தின் அளவை மாற்றினால் அட்மிஷனைத் தவிர்க்க முடியும். கருவாடு, மோர் மிளகாய், கூழ்வத்தல், ஊறுகாய் நான்கையும் அப்பா தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் ஊர்க்காரருக்கு இது கஷ்டம்தான், தெரியும். ஆனால் பலர் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு உப்பும் ஒரு காரணம்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். இவ்வளவு குறைந்த பம்ப் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். நோயை மறைத்து எடுக்கச் சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள், கிளெய்ம் வரும்போது மொத்தமும் போய்விடும். உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க வழி உண்டா என்று நாளைக்கே எச்.ஆரிடம் கேளுங்கள். பல குழுக் காப்பீடுகளில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அப்பாவின் ரேஷன் கார்டில் உள்ள குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். நீங்கள் தனிக் குடும்பம் என்பதால், உங்கள் பெயர் அந்தக் கார்டில் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போங்கள். மாத மாத்திரைக்கு இந்தத் திட்டத்தில் பணம் வராது. ஆஸ்பத்திரியில் சேரும் சிகிச்சைக்குத்தான். எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறது என்பதை, சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். ஐ.சி.டி. தேவைப்பட்டால் இந்தக் கேள்விக்கு லட்சக்கணக்கில் மதிப்பு.

அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? பீடித் தொழிலாளர் நல நிதியில் இதய நோய்ச் சிகிச்சைச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் உண்டு. கணவருக்குப் பொருந்துமா, எவ்வளவு, முன் அனுமதி வேண்டுமா என்று நல மருந்தகத்தில் செலவு செய்யும் முன்பே விசாரியுங்கள். அம்மாவின் பி.எஃப்.பில் மருத்துவ முன்பணம் எடுக்கவும் வழி இருக்கிறது, ஆனால் அதைக் கடைசியாக வையுங்கள்.

இன்னொரு மூத்த நிபுணரின் கருத்து வேண்டுமென்றால் கேளுங்கள், தப்பில்லை. சென்னைதான் போக வேண்டும் என்றில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் நமக்கு அதைவிடப் பக்கம், இதயச் செயலிழப்புக்கென்றே அங்கு தனிக் கவனம் உண்டு. நம் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சிகிச்சைத் திட்டத்தை அங்கே வாங்கிக்கொண்டு தொடர் சிகிச்சையை இங்கே பார்க்கலாம்.

வயலை அப்பா இறங்கி உழைக்காமல் குத்தகைக்கு விடுங்கள். பிசானப் பருவ நெல் அறுப்புக்கு வரும் பணமே பல மாத மாத்திரைக்கு ஆகும். இடையில் முட்டுப்பட்டால் எட்டுப் பவுனில் இரண்டை மட்டும் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வையுங்கள். வட்டிக்காரரிடம் போகவே வேண்டாம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்தும், 2017-ல் நம் கலெக்டர் அலுவலகத்திலேயே கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்து அழிந்ததைப் பார்த்த ஊர் இது.

நீங்கள் கேட்காத ஒன்று. அடைப்பு இல்லாமல் தசை பலவீனமானால் அது பரம்பரையாகவும் வரலாம். இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இதயத் தசை நோய்க்கு வாய்ப்பைக் கூட்டும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதாக 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. உங்களுக்கும் தம்பிக்கும் எப்போது எக்கோ, ஈ.சி.ஜி. எடுக்கலாம் என்று அப்பாவின் டாக்டரிடமே கேளுங்கள். நாளை நீங்களோ தம்பியோ டேர்ம் இன்சூரன்ஸ் என்னும் ஆயுள் காப்பீடு எடுத்தால், விண்ணப்பத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்பார்கள், உள்ளதை எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம். அதற்குப் பயந்து தம்பியின் எக்கோவைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த முறை அப்பாவைக் கூட்டிப் போகும்போது அவனையும் அழைத்துப் போங்கள்.