கேளுங்க, சொல்றோம்: கோழிக்கு பர்சா, மனுஷனுக்கு மஜ்ஜை

கே: பண்ணையில குஞ்சுகளுக்கு கம்போரோ நோய் அடிச்சிருச்சுங்க. செத்த குஞ்சை அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர், ஆசனவாய்க்கு மேல வீங்கிக் கிடந்த ஒரு சின்னப் பையைக் காட்டி, எதிர்ப்பு சக்திக்கு இந்த பர்சாதான் முக்கியம்னார். மனுஷனுக்கு அது எங்க இருக்கு?
- வாசகர், ஆத்தூர்

ப: நமக்கு அது கிடையவே கிடையாதுங்க. கோழியில பர்சாவை எடுத்துட்டா ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடிக்கிற புரதம், சரியா வராதுன்னு 1956-லயே அமெரிக்காவுல க்ளிக், சாங், ஜாப்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் எழுதிட்டாங்க, ஆன்டிபாடி தயாரிக்கிற பி செல் அங்க வளருதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. கம்போரோ வைரஸ் அந்த இளம் பி செல்லைத்தான் காலி பண்ணுது, தப்பிச்ச குஞ்சுக்குக்கூட வெள்ளைக்கழிச்சல் ஊசி சரியா பிடிக்காது, அதையும் டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

நமக்கு அந்த வேலை எலும்பு மஜ்ஜையில நடக்குது. அங்க ஸ்ட்ரோமல் செல்னு இருக்கு, முட்டுக்கொடுக்குற செல்தானேன்னு ரொம்ப நாளா யாரும் பெருசா கண்டுக்கல, ஆனா அதட்டி வேலை வாங்குறதே அதுதான். சிஎக்ஸ்சிஎல்12-ங்கிற புரதத்தை விட்டு இளம் செல்லைப் பக்கத்துலயே இழுத்து வச்சுக்கும், விகேம்-1-ங்கிற பசை மாதிரி புரதத்தால ஒட்டிப் பிடிச்சுக்கும், ஐஎல்-7-ங்கிற வளர்ச்சி சிக்னல் புரதத்தைக் கொடுத்துப் பெருக்கும். எலியில பார்த்தா ஐஎல்-7 நிறைய கிடைக்கிற வரைக்கும் செல் பெருகிட்டே இருக்கும், அது குறைஞ்சாத்தான் பெருகுறத நிறுத்திட்டு ஆன்டிபாடியோட ஒரு பகுதியான லைட் செயினுக்குரிய ஜீனை வெட்டி ஒட்டுற வேலைய ஆரம்பிக்கும், ஆக எப்பக் கொடுக்கணும்ங்கிற மாதிரியே எப்ப நிறுத்தணும்ங்கிறதும் முக்கியம். மனுஷன்ல கொஞ்சம் வேற, ஐஎல்-7-ஐ வாங்கிக்கிற ரிசப்டரோட ஜீன் கெட்டுப் பிறக்குற குழந்தைக்கு டி செல்ங்கிற இன்னொரு வகை எதிர்ப்பு செல் இருக்காது, பி செல் இருக்கும். எலியில பார்த்ததையெல்லாம் அப்படியே நம்ம தலையில கட்டக் கூடாது!

அப்புறம் ஒரு டெஸ்ட் வேற இருக்கு. புதுசா வந்த பி செல் நம்ம உடம்பையே எதிரியா நினைச்சா, ஜீனை மறுபடி மாத்திப் பார்க்க ஒரு சான்ஸ் கிடைக்கும், அப்பவும் திருந்தலைன்னா பெரும்பாலும் அங்கயே கதை முடிஞ்சுது.

கே: சின்ன வயசுல தட்டம்மை வந்தவங்களுக்கு அறுபது வயசுலயும் திரும்ப வர்றதில்லையே, எப்படி?
- வாசகி, ஏற்காடு

ப: இதுலயும் மஜ்ஜைக்குப் பங்கு இருக்கும்மா. நோயைப் பார்த்த பி செல்லுல சிலது பிளாஸ்மா செல்லா மாறி மஜ்ஜைக்கே திரும்பி வந்து, அதே சிஎக்ஸ்சிஎல்12 விடுற செல் பக்கத்துல உக்காந்து வருஷக்கணக்கா ஆன்டிபாடி விட்டுட்டே இருக்கும். முடக்குவாதத்துக்கும் சில ரத்தப் புற்றுக்கும் போடுற ரிட்டுக்ஸிமாப் மருந்து பி செல்லை அழிச்சாலும் இந்த பிளாஸ்மா செல்லை தொடாது, அந்த மருந்து தேடிப் பிடிக்கிற சிடி20-ங்கிற அடையாளம் அதுல இல்லையே. அதனால பழைய ஆன்டிபாடி பெரும்பாலும் நிக்கும், புதுசா போடுற தடுப்பூசிதான் மாசக்கணக்குல சரியா வேலை செய்யாது, வீட்ல யாராவது அந்த மருந்து ஆரம்பிக்கப் போறாங்கன்னா தடுப்பூசியெல்லாம் முன்னாடியே போட்டுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுருங்க.