14 லட்ச ரூபாய் காலேஜ் சீட்டும் ஒரு பழைய லேப்டாப்பும்

போன வாரம் என்னிடம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா லுங்கி வியாபாரம். மகள் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், மார்க் சுமார்தான். அப்பா கையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் வழவழப்பான கையேடு, அதற்குள் மடித்து வைத்த வீட்டுப் பத்திர ஜெராக்ஸ். 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்' பி.டெக்., மேனேஜ்மென்ட் கோட்டா, வருஷத்துக்கு 3.5 லட்சம். வெள்ளிக்கிழமைக்குள் 50,000 முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். "இப்போ ஏஐ படிக்கலன்னா அவ்வளவுதான்னு மச்சான் பெங்களூரிலிருந்து தினமும் போன் பண்றார் சார்" என்றார் அப்பா. அம்மாவுக்குப் பத்து நாளாகத் தூக்கம் இல்லையாம்.

பயப்படாதீர்கள், நேரம் இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தேன். அந்த ஜெராக்ஸைப் பார்த்ததும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு 14 லட்சம். ஹாஸ்டல், பஸ் எல்லாம் தனி. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து அடமானம் கேட்கும். வட்டி, மகள் முதல் வருஷம் படிக்கும்போதே ஓட ஆரம்பித்துவிடும். வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் இன்னொருவன் இருக்கிறான். "அண்ணே, வேண்டாம். வீட்டை வைத்து இந்தப் படிப்பை வாங்காதீங்க" என்று நேராகவே சொன்னேன். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசே கட்டணம் கட்டியிருக்கும். இவர்களுக்கு அது பொருந்தாது.

அப்புறம் மகளிடம் திரும்பினேன். வீட்டில் கம்ப்யூட்டரில் என்னம்மா செய்வாய் என்றேன். அத்தை பையனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் விண்டோஸ் திணறிப் பரணில் கிடந்ததாம். இவள் யூடியூப் பார்த்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு எழுப்பியிருக்கிறாள். அப்பாவின் கடைக் கணக்கு இப்போது அதில், லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஓடுகிறது. அப்பாவுக்கு அது ஒரு படிப்பாகவே தெரியவில்லை. "நடுவுல ஒரு தடவை அப்படியே நின்னுடுச்சு சார். ரேம் 4 ஜிபிதான். ரேம் போதாதப்போ டிஸ்க்ல எடுத்துக்கிற இடம், ஸ்வாப், அதுவும் நிறைஞ்சிருந்தது. கட்டளை அடிக்கிற டெர்மினல்ல பார்த்து, எது மெமரியைத் தின்னுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தினேன்" என்றாள். அதுவரை தலை குனிந்தே இருந்த பிள்ளை, இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். பிறகு அவளைக் கேட்காமல் நான் எதையும் முடிவு செய்யவில்லை.

அந்தக் கையேட்டில் பெரிய எழுத்தில் இருந்த பெயர்கள் டென்சர்ஃப்ளோவும் பைடார்ச்சும். ஏஐ உருவாக்க உதவும் மென்பொருள்கள் அவை. முதலாவதை 2015இல் கூகுள் இலவசமாகத் திறந்துவிட்டது. இரண்டாவது ஃபேஸ்புக்கில் பிறந்து, இப்போது லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது. இரண்டுக்கும் விலை பூஜ்யம். ஆசிரியருக்கும் ஆய்வகத்துக்கும் பணம் கொடுப்பது நியாயம்தான். ஆனால் இந்தப் பெயர்களைக் காட்டி 14 லட்சம் கேட்டால், ஏன் என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

"சும்மா ஏன் சார் கொடுக்கிறான்?" என்றார் அப்பா. வியாபாரிக்கு வர வேண்டிய கேள்வி. எதிர்க்கடைக்காரர் லாபம் பார்க்கிற சரக்கை நீங்கள் உங்கள் கடையில் இனாமாக வைத்தால் கூட்டம் எங்கே வரும்? அதுதான் கணக்கு. கம்ப்யூட்டர்களை இணையம் வழியே வாடகைக்கு விடும் கிளவுட் தொழிலில் அமேசான் வெகுதூரம் முன்னே ஓடியபோது, 2014இல் கூகுள், பல கம்ப்யூட்டர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸை இலவசமாக வெளியே விட்டது. ஒரு கிளவுடில் ஓடும் மென்பொருளை இன்னொன்றுக்கு எளிதில் மாற்ற முடிந்தால், முன்னே இருப்பவரின் பிடி தளரும் அல்லவா? 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னவர் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர். அதே கம்பெனி 2018இல் 7.5 பில்லியன் டாலர் கொடுத்து, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருள் குவிந்திருக்கும் கிட்ஹப் தளத்தை வாங்கியது. மறு வருஷம் ஐபிஎம், லினக்ஸை வைத்தே தொழில் செய்யும் ரெட்ஹேட் கம்பெனியை 34 பில்லியன் டாலருக்கு வாங்கி முடித்தது.

இந்தப் போட்டியில் பொருட்களின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். 2024 மார்ச்சில், தரவை வேகமாக எடுத்துத் தரும் ரெடிஸ் என்ற மென்பொருளின் கம்பெனி அதன் உரிமத்தை இறுக்கியது. சில நாட்களிலேயே அமேசான், கூகுள், ஆரக்கிள் எல்லாம் சேர்ந்து அதன் நகலை வால்கீ என்ற பெயரில் ஆதரிக்க ஆரம்பித்தன. ஒரு பொருளின் பட்டன்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அன்று திண்டாட்டம். அடியில் இருக்கும் லினக்ஸ் தெரிந்தவர் ஒரு வாரத்தில் மாறிக்கொள்வார்.

அதனால் நான் சொன்னது இதுதான்: அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கூடவே லினக்ஸ் சர்வர் நிர்வாகம், அதாவது பலருக்கும் ஒரே நேரத்தில் சேவை தரும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குடியாத்தத்திலேயே திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது, வேலூரில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி. வருஷச் செலவு சில ஆயிரங்களில் முடியும். பிறகு வேண்டுமென்றால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி இரண்டு வருஷ எம்.சி.ஏ.

இந்த வேலையைப் பற்றி யாரும் பெற்றோரிடம் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி, கல்லூரி, ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதிக் கம்பெனி என்று எங்கெல்லாம் சர்வர் ஓடுகிறதோ அங்கெல்லாம் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு பில்லிங் நின்றுவிடும். டிஸ்க் நிறைந்திருக்கும். நடப்பதையெல்லாம் பதிவு செய்கிற ஏதோ ஒரு லாக் ஃபைல் ஊதிப் பெருத்திருக்கும். அதைத் தேடிப் பிடித்து, தரவு ஒன்றும் போகாமல் சரிசெய்ய வேண்டும். யாருக்கு எந்த அனுமதி என்று பார்க்க வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்களை நேரத்துக்குப் போட வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும். எடுத்த பேக்கப் உண்மையிலேயே திரும்ப வருகிறதா என்றும் சோதிக்க வேண்டும். நிறைய இடங்களில் கோட்டை விடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

மகளுக்கு முதல் ஆறு மாதத்துக்கு இதைக் கொடுத்தேன். படம், ஐகான் எதுவும் இல்லாமல் வெறும் கறுப்புத் திரையோடு டெபியன் என்ற லினக்ஸைப் போடு. அதில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவி, அப்பா கடையின் லுங்கி இருப்பை ரகம் வாரியாக ஏற்று. தினமும் ராத்திரி தானாக பேக்கப் எடுக்கும்படி செய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த முழு டேட்டாபேஸையும் வேண்டுமென்றே அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டெடு. என்ன செய்தாய், எங்கே தடுமாறினாய் என்று நோட்டில் தேதி போட்டு எழுது. ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கணியம் இணையதளத்திலும் எளிய தமிழில் நிறைய இருக்கிறது.

மூன்றாம் வருஷம் ரெட்ஹேட் கம்பெனி நடத்தும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ் தேர்வு எழுதலாம். அதில் நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கிற வேலை இல்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும், ரீபூட் செய்த பிறகும் நீங்கள் செய்தது நிலைத்திருக்க வேண்டும். பழகுவதற்கு ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் இலவசம். ரெட்ஹேட் லினக்ஸின் இலவச நகலாக இருந்த சென்ட்ஓஎஸ்ஸை நிறுத்துவதாக ரெட்ஹேட் 2020 டிசம்பரில் அறிவித்த பிறகு, கோபப்பட்டவர்கள் உருவாக்கியவை அவை.

இந்த வேலைக்கு எந்த மாதிரி மனசு வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவம். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டுக் கள்ள வாசல் வைத்திருந்தது தெரிந்தது. உலகமெங்கும் பரவும் முன்பே பிடிபட்டது. அரை விநாடியை அவர் அலட்சியம் செய்யவில்லை. ஸ்வாப் நிறைந்ததைத் தேடிப் போன பெண்ணிடம் அந்தக் குணத்தின் விதை இருக்கிறது.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. முதல் சம்பளம் குறைவாக இருக்கும். இரவு ஷிஃப்ட் வரும். பி.இ. இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்கிற கம்பெனிகளும் உண்டு. ஆனால் மூன்று வருஷம் கழித்து அவள் தலையில் கடன் இருக்காது, வீடு உங்கள் பேரிலேயே இருக்கும்.

"கல்யாண வீட்டுல கேட்டா என்ன சொல்றது?" என்று அம்மா முதல்முறையாக வாய் திறந்தார். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொல்லுங்கள் அக்கா, அதில் குறைச்சல் என்ன என்றேன். மகள் மட்டும் தயக்கமாக, அந்த லேப்டாப்பில் இன்னொரு 4 ஜிபி ரேம் போட முடியுமா சார் என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மச்சானுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை காலை வரச் சொன்னேன். வரும்போது அந்த லேப்டாப்பையும் எடுத்து வரட்டும், அவர் முன்னாலேயே அவள் அதைத் திறந்து காட்டட்டும்.