விரல் மரத்துப்போனால் பக்கவாதமா?

கபாலபாதி என்ற வேக மூச்சுப் பயிற்சி செய்யும்போது இரண்டு கை விரல்களும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது, நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது, இது பக்கவாதமா என்று கடிதத்தில் கேட்கிறீர்கள். இது பக்கவாதம் அல்ல. பக்கவாதம் இரண்டு கைகளையும் ஒன்றுபோலப் பிடித்து, மூச்சு நிதானமானதும் விட்டுவிட்டுப் போகாது.

வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்திலுள்ள கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடும். ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புக்குப் பயன்படும் கால்சியம் குறையும், அதனால்தான் மரப்பு. மூளையின் ரத்தக்குழாய்களும் சுருங்கும், அதனால் தலைசுற்றல். "ஆக்சிஜன் போதவில்லை" என்று வீடியோவில் சொன்னதைக் கேட்டு இன்னும் வேகமாக இழுத்தீர்களே, அதுதான் கெடுத்தது. நுரையீரல் நன்றாக இருப்பவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும். மூச்சை அடித்து இழுத்து அதில் ஏற்றுவதற்கு அதிகம் இல்லை. மரப்பு வந்தால் பயிற்சியை நிறுத்தி உட்காருங்கள், வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சுவிடுங்கள். முகத்தில் காகிதப் பையை வைக்க வேண்டாம்.

நீங்கள் பயப்பட வேண்டிய அறிகுறி வேறு. உடலின் ஒரு பக்கம் மட்டும் மரத்தாலோ பலமிழந்தாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். சரியாகிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடுபவர்களுக்கு அடுத்த ஓரிரு நாட்களிலேயே முழுப் பக்கவாதம் வரக்கூடும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில், "பிராணாயாமம் செய்வதால் பிரஷர் மாத்திரையை மூன்று வாரமாக நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது இந்த வரிதான். மெதுவான மூச்சுப் பயிற்சி ரத்த அழுத்தத்தைச் சில புள்ளிகள் குறைக்கலாம். மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது. இன்றே ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அழுத்தத்தை அளந்து, அந்த எண்ணோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, கடும் தலைவலி, பார்வை மங்கல் ஏதாவது இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கபாலபாதியில் மூச்சை வெளியே தள்ளுவது மட்டுமே நம் வேலை; அடிவயிறு சட்டென உள்ளே போகும், மூச்சு தானாக உள்ளே வரும். நொடிக்கு ஒன்றாக இருபது, பிறகு ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று ஆரம்பநிலையில் தாராளம். நீங்கள் இழுப்பதையும் சேர்த்து அடித்து, இடைவிடாமல் பத்து நிமிடம் செய்திருக்கிறீர்கள். அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை உங்களுக்குக் கபாலபாதி, மூச்சை வேகமாக இழுத்து வேகமாக விடும் பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றுமே கூடாது. நாசிகளை மாற்றி மாற்றி மூடி மூச்சுவிடும் நாடிசுத்தி செய்யுங்கள்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், இடையில் அடக்க வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். வண்டுபோல ரீங்கரித்தபடி மூச்சை விடும் பிராமரியும் செய்யலாம்.

நாடிசுத்தியின்போது ஒரு நாசி எப்போதும் சற்று அடைத்திருப்பது இயல்பு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறும். அதற்குச் சொட்டு மருந்து வேண்டாம்.