கேள்வி–பதில்: மூளைக்குள் ஊறும் அபின்

கேள்வி: என்கெபலின், எண்டோர்பின் எல்லாம் வலி தணிப்பவை என்றுதான் படித்தோம். நரம்பு இணைப்புகளின் வளர்ச்சியிலும் அவற்றுக்குப் பங்கு உண்டா?
– உயர்தர உயிரியல் மாணவி, சாவகச்சேரி

பதில்: உண்டு. பெரும்பாலும் கடிவாளமாக. இவை மூளை தானே சுரக்கும், அபினைப் போல வேலை செய்யும் பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலச் சங்கிலிகள். என்கெபலின் ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. 1975 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் கொஸ்டர்லிட்ஸும் அதைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நரம்புக் கலத்தின் மேலுள்ள வாங்கியில் (receptor) அது பொருந்தியதும் கல்சிய வாயில்கள் மூடும், பொட்டாசிய வாயில்கள் திறக்கும், கலத்துக்குள் செய்தி கடத்தும் வட்ட ஏ.எம்.பி. (cAMP) குறையும். கலம் அடங்கிவிடும்.

கிளை விடவும் இணைப்பு உறுதிப்படவும் கல்சியம் வேண்டும். ஆனால் அளவோடு. 1986 இல் கொஹனும் கேட்டரும் நத்தையின் நரம்புக் கலத்தை மின்னால் தூண்டியபோது (தூண்டினால் கல்சியம் உள்ளே பாயும்), நீண்டுகொண்டிருந்த முனை அப்படியே நின்றுவிட்டது. ஆகவே "தூண்டினால் வளரும்" என்று விடைத்தாளில் மொட்டையாக எழுதாதீர்கள்.

இந்தப் பெப்டைடுகள் ஒன்றிரண்டு துடிப்புக்கு வெளிவருவதில்லை. கலம் அடுத்தடுத்து வேகமாகத் துடிக்க வேண்டும். அதாவது, ஓட்டம் கூடும்போது பிரேக்கும் தானாக விழுகிறது. ஞாபகத்துக்கு இன்றியமையாத ஹிப்போகம்பஸில் இதே வழியில் வெளிவரும் டைனோர்பின் என்ற இன்னொரு பெப்டைடு, இணைப்புகள் வலுப்பெறுவதை மட்டுப்படுத்துவதை 1993 இல் கண்டார்கள்.

அந்தப் பிரேக்கை எடுத்துவிட்டால்? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸகோன், மக்லொக்லின் என்ற ஆய்வாளர்கள் பிறந்த எலிக்குட்டிகளுக்கு முதல் 21 நாளும் வாங்கியை அடைக்கும் நல்ட்ரெக்சோனை ஏற்றினார்கள். கிலோவுக்கு 50 மில்லிகிராம் கொடுத்தால் நாள் முழுக்க அடைபடும். அந்தக் குட்டிகளின் மூளை எடை கூடியது. நரம்புக் கிளைகள் நீண்டு, இணைப்புகள் அமையும் அவற்றின் நுண்முட்களும் பெருகின. அதே மருந்தைக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கொடுத்தபோது விளைவு தலைகீழ்: வளர்ச்சி குன்றியது. அந்த அளவு நாளுக்கு 4 முதல் 6 மணித்தியாலம் மட்டுமே அடைக்கும். அடைப்பின்போது உடல் வாங்கிகளைப் பெருக்கிக்கொள்கிறது; அடைப்பு விலகியதும் மீதி நேரமெல்லாம் பெப்டைடு முன்னைவிடப் பலமாக அழுத்துகிறது. மருந்து ஒன்றே, அடைபடும் நேரம்தான் வேறு. "மூளை வளர்க்கும் குளிசை" என்று இதை வைத்து யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நாலு வயது மகனுக்குச் சோம்பற் கண். நல்ல கண்ணை மூடி ஒட்டச் சொல்கிறார்கள். சில மணித்தியாலம் மூடினால் மூளையில் என்னதான் மாறும்?
– தாய், நல்லூர்

பதில்: இரு கண்களின் நரம்புகளும் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மூளையின் மேற்பகுதியில்) இடத்துக்குப் போட்டியிடுகின்றன. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடினால் மற்றக் கண் அந்த இடத்தையும் பிடித்துக்கொள்வதை ஹியூபலும் வீசலும் காட்டினார்கள். 1981 இல் நோபல் பரிசும் பெற்றார்கள். நல்ல கண்ணை மூடுவது அந்தப் போட்டியில் பலவீனனுக்கு நேரம் வாங்கிக் கொடுப்பது. முதலில் கண்ணாடி, போதாவிட்டால்தான் ஒட்டு. மிதமான குறைக்கு நாளுக்கு 2 மணித்தியாலம், கடுமையானதற்கு 6 என்பது வழமை. உங்கள் மகனுக்கு எவ்வளவு என்பதைக் கண் வைத்தியர்தான் சொல்வார். ஒட்டைக் கண்ணாடியில் ஒட்டினால் பிள்ளை ஓரத்தால் எட்டிப் பார்க்கும், தோலில் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் படம் கீற, மணி கோக்க விடுங்கள். கூடுதலாக மூடினால் நல்ல கண்ணும் மங்கலாம். கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் கொடெயின் கலந்த இருமல் பாணி மருந்தில் பாதி கிடக்கிறது. எட்டு வயது மகளுக்குக் கொஞ்சம் கொடுக்கலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: வேண்டாம். கொடெயின் அபின் வகை மருந்து; 12 வயதுக்குக் கீழ் ஆகாது. ஈரல் அதை மோர்பினாக மாற்றுகிறது. சிலரின் ஈரல் மிக வேகமாக மாற்றும், அப்போது மூச்சே அடங்கிப்போகலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டு, பிள்ளை எழுப்ப எழும்பாமல் தூங்கி, மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். போத்தலையும் கையோடு கொண்டு போங்கள்.